பழைய ஓவன் இருந்த பொந்துல புது ஓவன் அப்படியே உக்காருமா?

பெரம்பூர்ல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க. தரைத்தள வீடு, கிச்சன் மேடைக்குக் கீழ 60 சென்டிமீட்டர் பில்ட்-இன் ஓவன், ஒம்போது வருஷம் ஆச்சாம், இப்ப லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா சூடே வரலையாம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முன்னாடி புதுசு வாங்கிடலாம்னு இருக்காங்க. கார்பென்டர் "அதே சைஸ்தானே, அரை மணி நேரத்துல தள்ளிடலாம்"ங்கறாராம், எலக்ட்ரீசியன் "ஃப்ரிட்ஜ் ப்ளக்ல இருந்தே லைன் எடுத்துக்கலாம்"ங்கறாராம். நம்பலாமான்னு கேக்கறாங்க.

சிஸ்டர், கடைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அந்த ஓவன் கடிகாரத்த ஒரு தடவ பாருங்க. கரண்ட் போய் வந்ததுல இருந்து சைபர் சைபர்னு மின்னிக்கிட்டே இருக்கா? நிறைய மாடல்ல டைம் செட் பண்ற வரைக்கும் எலிமென்ட்டுக்கு, அதாவது சூடாக்கற கம்பிக்கு, கரண்டே போகாது, லைட்டு மட்டும் நல்லா எரியும். திருகற டைமர் இருக்கற மாடல்னா சைபர்ல நிக்காம, கை படம் போட்ட இடத்துல நிக்கணும். இதுக்கே ஆள கூப்பிட்ட வீடுங்க எத்தனையோ, நான் போய் ஒரு பட்டன அமுக்கிட்டு விசிட்டிங் சார்ஜ் கேக்கவே கூச்சமா டீ குடிச்சிட்டு வந்திருக்கேன்.

அது சரியா இருந்தும் சூடு வரலன்னா எலிமென்ட் போயிருக்கலாம், சூட்ட கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் போயிருக்கலாம். மெக்கானிக் மெயின் அணைச்சிட்டு மீட்டர் வெச்சு பாக்கட்டும், 2000 வாட்ஸ் எலிமென்ட்னா சுமார் 26 ஓம்ஸ் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. அத மாத்தற செலவு புது ஓவன் வெலைக்கு பக்கத்துலயே வராது. ஓவனோட எலக்ட்ரானிக் போர்டு போய் அதுக்கு ஸ்பேரும் கெடைக்கலன்னா, இல்ல உள்ள துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, அப்ப புதுசு வாங்குங்க.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, பணம் கட்டறதுக்கு முன்னாடி பொந்த அளக்கணும், வயர பாக்கணும். ஓவன் வேலைல கஷ்டமே இந்த ரெண்டுதான், மெஷின தூக்கி வெக்கறது கடைசி பத்து நிமிஷம்.

60ன்னு சொல்றது முன்னாடி தெரியற கண்ணாடி முகப்போட அகலம், உள்ள போற பொட்டி அத விட சின்னது. பெரும்பாலான பிராண்ட் கேக்கற பொந்து 560 மில்லி அகலம், 590ல இருந்து 600 மில்லி உயரம், 550 மில்லி ஆழம். நம்ம கார்பென்டருங்க இஞ்ச் டேப்புல "22 இஞ்ச் போதும்"பாங்க, 22 இஞ்ச்னா 559 மில்லி, அதுக்கு மேல உள்பக்கம் மைக்காவும் ஒட்டிட்டா ஓவன் பாதில மாட்டிக்கும். அதனால வாங்கப்போற மாடலோட இன்ஸ்டாலேஷன் படத்த மில்லிமீட்டர்லயே பிரிண்ட் எடுத்து அவர் கைல குடுங்க. ஆழமும் பாருங்க, பழைய வீட்டு மேடைங்க கடப்பா கல்லு வெச்சு கட்டி ரெண்டடிதான் இருக்கும், அதுல பின்பக்க ப்ளைவுட், செவுத்து பூச்சு எல்லாம் போக மிச்சம் எவ்ளோன்னு கைய விட்டு அளந்தாதான் தெரியும். பின்னாடியே ப்ளக் பாயின்ட் இருந்தா அந்த த்ரீ-பின் டாப் ரெண்டு இஞ்ச் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், ஓவன் வெளிய துருத்தும். பாயின்ட்ட பக்கத்து கப்போர்டுக்கு மாத்திடுங்க, அவசரத்துக்கு அணைக்கவும் கைக்கு எட்டும்.

காத்து போக வழி வேணும். பின் பலகைய எடுத்துடறது நல்லது, கீழயும் மேலயும் கேப் விடணும், எவ்ளோன்னு அந்த படத்துலயே போட்டிருக்கும். காத்து இல்லன்னா மொதல்ல பலகை ஓரத்துல ஒட்டின எட்ஜ் பேண்ட் உரியும், அப்புறம் ஓவனோட எலக்ட்ரானிக் போர்டு அடி வாங்கும். மரத்தூள அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டுல பொட்டி செய்ய வேணாம், கடலோர ஈரத்துக்கே அது ஊதிடும்.

இப்ப வயரு. ஓவன் 3000 வாட்ஸ்னா 230 வோல்ட்ல 13 ஆம்ப்ஸ் இழுக்கும், அதுவும் கேக்குக்கு ஒரு மணி நேரம், பெரிய பிளம் கேக்குன்னா அதுக்கு மேலயும். ஃப்ரிட்ஜ் லைன்ல போட சொன்னவர்கிட்ட நன்றி சொல்லிட்டு வேற ஆள பாருங்க. டிபி பாக்ஸ்ல (வீட்டு ஸ்விட்சுங்க எல்லாம் இருக்கற மெயின் பொட்டி) இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு மீறினா தானா விழற ஸ்விட்ச்), நல்ல 16 ஆம்ப்ஸ் சாக்கெட், எர்த் கண்டிப்பா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சில மாடல் உருண்டையா ரெண்டு குச்சி இருக்கற வெளிநாட்டு ப்ளக்கோட வரும், அதுக்கு டிராவல் அடாப்டர் மாட்டி ஓட்டறத பாத்திருக்கேன், உருகி கருகின நாத்தத்தோடதான் என்ன கூப்பிட்டாங்க. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் உப்புக்காத்துல டெர்மினல் பச்சை பூத்திடும், பழைய வயர் முனைய அப்படியே திருகாம சுரண்டி புதுசா மாட்ட சொல்லுங்க. த்ரீ ஃபேஸ் வீடுன்னா ஏசி, கீசர் ஓடற ஃபேஸ்ல ஓவன சேக்காதீங்க.

மேடைக்குக் கீழன்னு சொன்னீங்களே, அங்கயே பக்கத்துல சிலிண்டரும் இருக்கா? அத தள்ளி வேற எடத்துக்கு மாத்திடுங்க. கேஸ் லீக் ஆனா காத்த விட கனம், கீழதான் தேங்கும். அடுப்புக்குப் போற ட்யூப் ஓவன் முதுகுல உரசிக்கிட்டு போகக்கூடாது, அஞ்சு வருஷம் தாண்டின ட்யூபுன்னா இதே சாக்குல மாத்திடுங்க. இன்னொண்ணு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி நம்ம பக்கம் எவ்ளோ வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். தரைத்தளம்ங்கறதால முடிஞ்சா இந்த தடவ ஒரு டால் யூனிட் (உயரமான அலமாரி) அடிச்சு அதுல இடுப்பு உயரத்துல வைங்க, குனிஞ்சு சூடான ட்ரே தூக்கற வேலையும் மிச்சம்.

தூக்கி வெக்கறப்ப ரெண்டு பேர் வேணும், 30 கிலோவுக்கு மேல இருக்கும், கதவ கழட்டிட்டா லேசு. கைப்பிடிய புடிச்சு தூக்கக்கூடாது. உள்ள தள்ளினதும் ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டாங்களான்னு நீங்களே பாருங்க. போடலன்னா கதவத் தெறந்து மேல வெயிட் வெக்கறப்ப மொத்தமா முன்னாடி சாயும்.

புது ஓவன் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையற ஸ்விட்ச்) ட்ரிப் ஆனா பயப்படாதீங்க, ஆனா விட்டுடவும் வேணாம். எலிமென்ட்டுக்குள்ள இருக்கற பவுடர் ஈரத்த இழுக்கும், குடோன்ல மாசக்கணக்குல கெடந்த பீஸ்ல இது நடக்கும், வருஷத்துக்கு ஒரு தடவ கேக்குக்கு மட்டும் போடற வீட்டுலயும் நடக்கும். கம்பெனி ஆள் மெக்கர் (கரண்ட் கசிவ பாக்கற மீட்டர்) வெச்சு பாத்து காய வெப்பார் இல்ல மாத்தித் தருவார். யாராவது "எர்த்த கழட்டிட்டா ட்ரிப் ஆகாது"ன்னா அவர வாசலோட அனுப்பிடுங்க.

மொத தடவ எதுவும் வெக்காம, உள்ள இருக்கற அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துட்டு, ஜன்னல தெறந்து வெச்சு 200, 250 டிகிரில ஒரு மணி நேரம் ஓட விடுங்க, புகையும் நாத்தமும் வரும், அது கோட்டிங் எரியறது. அணைச்ச பின்னாடியும் கூலிங் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், வீட்டுல பெரியவங்க "கரண்ட் வேஸ்ட்டாகுது"ன்னு மெயின் ஸ்விட்ச்ச தட்டிடுவாங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க சிஸ்டர்.