கோச் கூப்பிட்டால் அட்மிஷன் கிடைத்துவிடுமா?

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் ஸ்குவாஷ் ஆடுகிறாள். பிரின்ஸ்டன், பென்சில்வேனியா இரண்டு பல்கலைக்கழக கோச்சுகளும் கூப்பிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள் அம்மா. இந்த இரண்டும் அமெரிக்காவின் ஐவி லீக் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் இருக்கின்றன. அதன் எட்டு பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, 1954 ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இல்லாத ஒன்றை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? கோச்சுக்கு உங்கள் மகளே மெயில் எழுதலாம், காசு செலவில்லை. 2019இல் அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற ஏஜென்ட் பிடிபட்டார். விளையாடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டி, கோச்சுகளுக்குப் பணம் கொடுத்து சீட் வாங்கியவர், மூன்றரை வருடம் ஜெயில்.

கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகைதான். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டிருக்கிறாரா என்பதை அட்மிஷன் முடிவில் பிரின்ஸ்டன் பார்ப்பதில்லை, பென்சில்வேனியா பார்க்கும். "உதவி வேண்டாம்னு டிக் பண்ணுங்க, சீட் ஈஸி" என்று ஏஜென்ட் சொல்வது இதனால்தான். செய்யாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னால் கேட்கும் வழியைப் பல கல்லூரிகள் அடைத்துவிடும், நாலு வருடமும் முழுப் பணம்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. முழங்கால் போய் அவளால் ஆட முடியாமல் போனாலும் சரி, அவளே அணியை விட்டு விலகினாலும் சரி, அந்த உதவித்தொகை நிற்காது, அது ஆட்டத்துக்காகக் கொடுத்ததே இல்லை. குடும்பத்தின் பண நிலைமை மாறினால் தொகை மாறும், வருடா வருடம் கணக்குப் பார்ப்பார்கள். ஆட்டம் நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

பென்சில்வேனியாவில் முன்கூட்டியே விண்ணப்பித்து சீட் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், பிரின்ஸ்டனில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பென்சில்வேனியாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே உதவித்தொகை எவ்வளவு வரும் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

கோச்சின் வாக்கு அட்மிஷன் இல்லை. சீட் அநேகமாகக் கிடைக்கும் என்று அட்மிஷன் அலுவலகம் முன்கூட்டியே அனுப்பும் 'லைக்லி லெட்டர்' அக்டோபர் 1க்கு முன் வராது. அதுவரை சீட் உண்டு என்று பல்கலைக்கழகம் ஒரு வரிகூட எழுதித் தராது, ஆனால் பதினேழு வயதுப் பெண் மட்டும் மற்ற கோச்சுகளை மறுத்துவிட்டு வாக்குக் கொடுக்க வேண்டுமாம்! என்ன நியாயமோ.

இந்த வாரமே இரண்டு கோச்சுகளிடமும் அவளைக் கேட்கச் சொல்லுங்கள்: என் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகம் பார்த்துவிட்டதா, என்ன சொன்னார்கள்? அப்புறம், யார் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறாரோ அவர் பக்கம் போங்கள்.