ரிட்ஜ்வேயில் கோரிங்கைத் தாண்டி சைக்கிள் போகலாமா?

ரிட்ஜ்வே என்ற இங்கிலாந்தின் நெடுந்தூர நடைவழியில் போகிறீர்கள் என்றால், தேம்ஸ் கரையிலுள்ள கோரிங் என்ற ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கிருந்தே கிளம்பும் ஸ்வான்ஸ் வே என்ற குதிரைப் பாதைக்கு மாறிவிடுங்கள். ரிட்ஜ்வேயின் 139 கி.மீ.யில் எல்லா இடத்திலும் சைக்கிளுக்கு உரிமை இல்லை. மேற்கு முனையான ஓவர்டன் ஹில்லிலிருந்து தேம்ஸ் கரை வரையிலான மேற்குப் பகுதியில் தாராளமாக ஓட்டலாம். அதற்குக் கிழக்கே பல துண்டுகள் வெறும் நடைபாதைகள்.

வழிகாட்டும் செயலி "பலர் ஓட்டிய வழி" என்று காட்டியும் வேலிப்படியில் முட்டி நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். செயலிக்குத் தெரிவது யாரோ போன தடம்தான், சட்டம் அல்ல.

பாதையோர வழிகாட்டிக் கம்பத்தில் உள்ள அம்பின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். ஊதா, சிவப்பு அம்பு உள்ள பாதைகளிலும் சைக்கிள் போகலாம், கவலையில்லை. வீட்டிலிருந்தே சரிபார்க்க பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் போதும்: பச்சையில் குட்டைக் கோடுகள் நடைபாதை, நீண்ட கோடுகள் குதிரைப் பாதை.

ஒன்று மட்டும். உரிமை இருக்கிற இடமெல்லாம் ஓட்ட முடிகிற இடம் அல்ல. அது சுண்ணாம்புப் பாறை நிலம்; மழை பெய்தால் சோப்பாக வழுக்கும். வெள்ளைச் சேறு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். சிக்கிமுக்கிக் கல் வேறு டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். 40 மி.மீ.க்குக் குறைந்த டயரோடு நான் போகமாட்டேன். நவம்பரில் என்றால் பக்கத்துத் தார்ச்சாலைதான்.