மோசல் ரீஸ்லிங் ஏன் இனித்தது?

ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து ரீஸ்லிங் (ஒரு வெள்ளைத் திராட்சை வகை) ஒயின் வாங்கினேன், இனிக்கிறதே, கெட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். பாட்டிலில் கோளாறு இல்லை. லேபிளில் உள்ள 'ஷ்பேட்லேஸ' (ஜெர்மனில் 'தாமத அறுவடை') என்றால் உயர்ந்த தரம், ஆகவே இனிப்பு இருக்காது என்று நினைத்து வாங்கினீர்கள் அல்லவா, அங்கேதான் சறுக்கல். பறித்தபோது திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை மட்டுமே அந்தச் சொல் காட்டும். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டாது.

மோசல் குளிரான பள்ளத்தாக்கு. செங்குத்தான சிலேட்டுக்கல் சரிவுகளில் (ப்ரெம் ஊருக்கு மேலே உள்ள கால்மோன்ட் கிட்டத்தட்ட 65 பாகை, ஏறவே மூச்சு வாங்கும்) ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கிறது. புளிப்பு குறையாமல் நிற்கிறது. அதற்கு ஈடாகத்தான் பலர் நொதித்தலை (சர்க்கரை ஆல்கஹாலாக மாறுவதை) பாதியில் நிறுத்திச் சர்க்கரையை விட்டுவைக்கிறார்கள்.

அடுத்த முறை கடையிலேயே இதைப் பாருங்கள்:

1. ஆல்கஹால் அளவு. 7.5 முதல் 9 சதவீதம் என்றால் இனிக்கும். 11.5-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிக்காது.

2. லேபிளில் 'ட்ரோக்கன்' (இனிப்பற்றது) என்ற சொல். லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. 'ஃபைன்ஹெர்ப்' என்றிருந்தால் லேசான இனிப்பு. அதற்குச் சட்டப்படி அளவு கிடையாது.

ஆனால் இந்த ஆல்கஹால் கணக்கை எல்லா ஊருக்கும் போடாதீர்கள். போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கிலிருந்து வரும் போர்ட் ஒயின், திராட்சைச் சாராயம் ஊற்றி நொதித்தலை நிறுத்துவது. 20 சதவீதத்திலும் நன்றாகவே இனிக்கும்.

அப்புறம், மீதி பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். நன்றாகக் குளிரவைத்து, காரமான கோழி வறுவலோடு குடித்துப் பாருங்கள்.