வாசகர் கேள்வி – பதில்: பாலர் பள்ளியில் மண்ணும் விதையும்

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், வீட்டோடு சேர்ந்த கூடத்தில், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஒரு சிறு பாலர் பள்ளி நடத்துகிறேன். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தரை. இயற்கைப் பொருள்களை வகுப்புக்குள் கொண்டுவர விரும்புகிறேன். ஆனால் கடைகளில் விற்கும் மரப் பொம்மைகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: மரப் பொம்மை வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், அம்மா. அலமாரியில் அழகாக அடுக்கிவைத்து, "தொடாதே" என்று சொல்லவேண்டிய எந்தப் பொருளாலும் குழந்தைக்குப் பயனில்லை. அள்ளவும் கொட்டவும் அடுக்கவும் பிய்க்கவும் தாராளமாக விடக்கூடிய பொருள்களே வேண்டும். ஓர் இடத்தில் குழந்தைகளின் கற்பனையும் கண்டுபிடிப்பும் எவ்வளவு வளரும் என்பது, அங்கே அவர்கள் விருப்பப்படி மாற்றியமைக்கக்கூடிய பொருள்கள் எத்தனை, எத்தனை வகை என்பதைப் பொறுத்தது என்று சைமன் நிக்கல்சன் என்ற சிற்பி 1971-ல் எழுதினார். அந்தக் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான சரக்கு நம் வீடுகளிலேயே நிறைய இருக்கிறது: பூஜைக்கு உடைத்த தேங்காயின் கொட்டாங்குச்சி, மணி உதிர்ந்த சோளக்கதிர், காயவைத்த மாங்கொட்டை, வாழை மட்டை, மூங்கில் துண்டு. பெற்றோரிடம் சொல்லிவைத்தால் ஒரு மாதத்தில் கூடை நிறைந்துவிடும்.

ஆனால் முதலில் செய்யவேண்டியது மணல் தொட்டி. சிமெண்டுத் தரையின் மேலேயே மரச்சட்டம் அடித்து, மழைநீர் வடிய அடியில் இடைவெளி விட்டு, ஓரடி ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணலை நிரப்புங்கள். டர்பன் வெயிலுக்கு மேலே நிழல் கட்டாயம் வேண்டும். பூனைகள் அசுத்தம் செய்யாமலிருக்க, பள்ளி முடிந்ததும் தொட்டியை மூடிவிடவேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நான்கைந்து கொட்டாங்குச்சிகளும் போதும். காய்ந்த மணலைக் கொட்டாங்குச்சியில் அடைத்துக் கவிழ்க்கும் குழந்தை, அது சரிந்து பரவுவதைப் பார்க்கும். சிறிது நீர் தெளித்துக் கவிழ்த்தால் அதே மணல் இட்லி போல நிற்கும். நீர் கூடிப்போனால் மீண்டும் குழைந்து ஓடும். எவ்வளவு நீர் என்பதை நாம் வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது, கைதான் கற்கவேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே புகுந்து, "இது என்ன வடிவம், எத்தனை இருக்கிறது" என்று கேட்டு வாட்டாமல், அருகில் அமர்ந்திருங்கள். வாளியை மட்டும் கண்காணிப்பு இல்லாமல் விடாதீர்கள். சில அங்குல நீரே ஒரு சிறு குழந்தை மூழ்கப் போதுமானது.

இரண்டாவதாகச் செடி. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் 1837-ல் குழந்தைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கிய ஃப்ரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி இருக்கவேண்டும் என்று கருதினார். உங்களிடம் மண் இல்லாவிட்டாலும் தொட்டிகள் வைக்கலாம். அவரையும் கொத்தமல்லியும் விரைவில் முளைக்கும். ஒரு தொட்டியில் எலுமிச்சை வையுங்கள். நம் பகுதியில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடும். அதன் இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றத்தைப் பரப்பும். இலைகள் போனால் போகட்டும். அந்தச் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள்.

கேள்வி: என் பேரன் படிக்கும் பள்ளியில் பிள்ளைகளைச் சேற்றில் விளையாட விடுகிறார்கள். நோய் வந்துவிடாதா?
– ஒரு தாத்தா, பீனிக்ஸ், டர்பன்

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஐயா. ஆனால் சுத்தமான மண் பகையில்லை. பின்லாந்தில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பகல்நேரக் காப்பகங்களின் வெற்று முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் பரப்பி, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை அதில் விளையாடவிட்டார்கள். 28 நாள்களில் அவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. நோயெதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகள் இரத்தத்தில் தெரிந்தன. 75 குழந்தைகள் மட்டும் பங்கேற்ற ஆய்வு என்பதால், அதை வைத்து நோயே வராது என்று நான் சொல்லமாட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உண்ணவிடக்கூடாது. காயம் இருந்தால் அன்று சேறு வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி உரிய காலத்தில் போட்டிருக்கவேண்டும். இவை மூன்றையும் பள்ளியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு நடந்துபோய் விதைகளையும் இலைகளையும் பொறுக்கி வருகிறோம். எவற்றைத் தவிர்க்கவேண்டும்?
– ஓர் ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதையை நம் பாட்டிமார் விளையாட்டுக்கும் எடைக்கும் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் மென்று விழுங்கினால், அல்லது மாலை கோக்கத் துளையிட்டதை விழுங்கினால், ஒரே விதைகூடக் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். பாலர் வகுப்புக்குள் அது வரவே கூடாது. அடுத்து, நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் எங்கும் நிற்கும் சிரிங்கா மரம். இலை வேம்பு போலவே இருப்பதால் நம்மவர்கள் அஞ்சுவதில்லை. அதன் மஞ்சள் காய்கள் நஞ்சு. கோயிலுக்குப் பறிக்கும் அரளி, வேர் முதல் பூ வரை நஞ்சு. உண்ணிச்செடியின் பச்சைக் காய்களும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் உடனிருந்தால் புளியங்கொட்டைகூட ஆகாது, தொண்டையில் சிக்கும்.

பொறுக்கி வந்த கட்டைகளையும் கற்களையும் சுவரோரம் குவித்து வைக்காதீர்கள். தேரைகளைத் தேடி வரும் நச்சுப் பாம்புகள் அங்கே ஒண்டும். அவற்றை வெயில் படும் திறந்த இடத்தில் பரப்பிவைத்து, காலையில் குழந்தைகள் வருவதற்கு முன் ஒரு நீண்ட கம்பால் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.