இஞ்சி பிஸ்கட்: ஆறு பாக்கெட்டும் ஒரு கடைவாய்ப் பல்லும்

போன இதழில், கடையில் விற்கும் இஞ்சி பிஸ்கட் வகைகளில் பாதி வெறும் சர்க்கரை, இஞ்சி அவற்றுக்குப் பக்கத்து வீடு என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வேறு எதற்கும் இத்தனை கடிதம் வந்ததில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: அந்த இன்னொரு பாதி எது? நல்ல பிஸ்கட்டின் பெயரைச் சொன்னால் நாங்களும் வாங்குவோமே?

பெயர் சொல்லிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் ஆர்னாட்ஸ் நிறுவனம் ஜிஞ்சர் நட் என்று ஒன்று விற்கிறது. பெயர் ஒன்றுதான், பிஸ்கட் நான்கு விதம். நியூ சவுத் வேல்ஸில் சின்னதாக, கறுப்பாக, கல் போல இருக்கும். விக்டோரியாவுக்குப் போனால் அதே பெயரில் பெரிதாக, வெளிறிய நிறத்தில், கடித்தால் சுலபமாக உடைவதாகக் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியிலும் இருந்த பழைய பிஸ்கட் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, அங்கங்கே பழகிய ருசியை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அங்கேயே அந்த நிலை என்றால், நான் ஒரு பெயரைச் சொல்லி உங்கள் கையில் எது வந்து சேரும்?

அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். ஆறு பாக்கெட் வாங்கினேன். என் வீட்டுக்காரர் அவற்றைப் பிரித்து ஆறு தட்டுகளில் வைத்து, தட்டின் அடியில் எண் எழுதினார். எந்த எண் எந்தப் பாக்கெட் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நானும் பேத்தியும் தின்றோம். முதல் நாள் எல்லாம் பாழ். ஒன்றன் பின் ஒன்றாகத் தின்றதில் மூன்றாவது தட்டிலிருந்து எல்லாமே ஒரே உறைப்பாகத் தெரிந்தது. பேத்தி இஞ்சி தின்ற குரங்கு போல உட்கார்ந்திருந்தாள்.

தப்பு எங்கள் மேல்தான். இஞ்சியின் உறைப்பு உடனே வருவதில்லை. முதலில் இனிப்பு, பிறகு வெண்ணெயோ எண்ணெயோ, அதற்கும் பிறகு தொண்டைப் பக்கம் மெல்ல ஒரு சூடு. நாக்கில் சூட்டை உணர்த்தும் நரம்பு முனைகளைத்தான் மிளகாயும் தொடுகிறது, இஞ்சியும் தொடுகிறது. அதனால்தான் இரண்டுக்கும் ‘எரிகிறது’ என்றே சொல்கிறோம். அந்தச் சூடு தணியாமல் அடுத்ததைத் தின்றால், முதல் பிஸ்கட்டின் காரம் இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடும். தண்ணீர் குடித்தும் போகாது, காரம் தரும் பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. பால் கொஞ்சம் கேட்கும்.

அடுத்த நாளிலிருந்து ஒரு வேளைக்கு இரண்டே தட்டு. நடுவில் கால் மணி நேரம், ஒரு வாய் பால், ஒரு துண்டு வெறும் ரொட்டி. மூன்று நாளில் ஆறும் முடிந்தன.

முதல் தட்டு பார்க்க அழகு, நல்ல கரும்பழுப்பு. வாயில் போட்டால் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் லவங்கப்பட்டை, அவ்வளவுதான். இரண்டாவதில் மூக்குக்கு இஞ்சி வாசனை தூக்கலாக வந்தது, தொண்டைக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மெல்லிய வகை. சுவீடனில் பெப்பர்காக்கோர் என்பார்களே, அந்தச் சாயல். கையில் எடுத்தாலே முனை உதிரும், வாயில் நொறுங்கி உடனே கரையும். காரம் குறைவு என்றாலும் கிராம்பும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு நல்ல மணம். நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எண்ணெய் சிக்கடித்தது. ஐந்தாவதற்குப் பேத்தி வைத்த பெயர் கல்லுளிமங்கன். அதைக் கடித்ததில் என் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறையின் ஓரம் பெயர்ந்து வந்தது. ஆனால், சொல்லத்தான் வேண்டும், ஆறிலும் இஞ்சி என்று சொல்லத் தகுந்தது அதுதான். விழுங்கி ஒரு நிமிடம் கழித்தும் தொண்டையில் சூடு நின்றது. ஆறாவது மெத்து மெத்தென்று, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில். நடுநடுவே சர்க்கரையில் ஊறிய இஞ்சித் துண்டுகள். துண்டு அகப்பட்டால் சுருக்கென்று இருக்கும், அகப்படாத கடி சப்பென்று போகும். பேத்தியின் முதல் பரிசு அதற்குத்தான். எனக்கு ஐந்தாவது. பல் போனாலும் தீர்ப்பை மாற்றவில்லை.

கேள்வி: ஒன்று கல், ஒன்று பஞ்சு. இரண்டிலும் மாவு, சர்க்கரை, கொழுப்புதானே?

பொருள் ஒன்றுதான், அளவு வேறு. கடினமான வகையில் சர்க்கரை நிறைய, கொழுப்பு குறைவு. அடுப்புச் சூட்டில் சர்க்கரை உருகி மாவுக்குள் பரவுகிறது, ஆறும்போது கண்ணாடி போல இறுகுகிறது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் இஞ்சி பிஸ்கட் வளைந்துகூடக் கொடுக்கும். ஆறினபின் அதே பிஸ்கட் ‘டக்’ என்று உடையும். கொழுப்பு கூடினால் அது மாவைப் பூசிக்கொண்டு, மாவின் புரதம் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்க விடாமல் செய்யும். அந்த வகை பொலபொலவென்று உதிரும். தேன், கரும்புப் பாகு, வெல்லப்பாகு மாதிரியானவை அதிகமானால் அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிஸ்கட் மெத்தென்று நிற்கும்.

மேலே வெடித்த நிலம் போலக் கோடுகள் இருக்கிறதே, அது சமையல் சோடாவின் வேலை. மேல்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே வாயு இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறது, மேல்தோல் பிளக்கிறது. சோடா நிறத்தையும் ஆழமாக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பாக இருப்பதற்கும் இஞ்சிக்கும் சம்பந்தமே இல்லை. என் முதல் தட்டு அதற்குச் சாட்சி.

வாங்கிய பிறகு ஒன்று செய்யுங்கள். பிஸ்கட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடையுங்கள். ஒரே சத்தமாக, கூர்மையாக உடைந்தால் உள்ளே ஈரம் இல்லை. ‘மொத்’ என்றால் ஒன்று அது மெது வகை, இல்லையென்றால் நமுத்த சரக்கு. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்து, பிஸ்கட்டோடு ரகசியம் பேசுகிறாயா என்றார். பேசத்தான் செய்கிறது.

கேள்வி: பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

இஞ்சி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘இஞ்சித் தூள்’ என்றால் சுக்குப் பொடி. ‘இஞ்சிச் சுவையூட்டி’ என்று மட்டும் இருந்தால் மூக்குக்கு விருந்து, தொண்டைக்குப் பட்டினி. என் இரண்டாவது தட்டு அந்த ரகம் என்று பிறகு பாக்கெட்டைப் பார்த்தபோது தெரிந்தது. இஞ்சித் துண்டு என்று போட்டிருந்தால், பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியது.

பச்சை இஞ்சியைவிடச் சுக்கு ஏன் உறைக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்று பெயர். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது, அது இன்னும் காரம். ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர், அதிலிருந்து வந்த சொல். வேகும்போது ஜிஞ்சரோன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டாகிறது. அது சாது, இனிப்பு கலந்த மணம்தான் தரும். ஆகவே அடுப்பில் வெந்து வருகிற பிஸ்கட்டுக்குச் சுக்குதான் சரி.

பொருட்களை எடையின்படி வரிசையாக எழுதுவது வழக்கம். முதலில் இருப்பது அதிகம். இஞ்சி உப்புக்கும் பின்னால் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இரண்டு சதவீதத்துக்குக் குறைவான பொருட்களைக் கடைசியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய விதி இடம் கொடுக்கிறது. சதவீதம் போட்டிருந்தால் அதுதான் பேச்சு. ஒரு சதவீதம் சுக்குப் பொடி இருந்தாலே ஒழுங்காக உறைக்கும்.

கேள்வி: இஞ்சி வயிற்றுக்கு நல்லது. குமட்டலுக்கு மருந்தாக இந்தப் பிஸ்கட்டைச் சாப்பிடலாமா?

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லைதான். ஆனால் கணக்குப் போடுவோம். குமட்டலுக்கு இஞ்சியைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு ஒரு கிராம் சுக்குப் பொடி அளவில் கொடுக்கிறார்கள். ஒரு பிஸ்கட் 10 கிராம், அதில் ஒரு சதவீதம் சுக்கு என்றால், பிஸ்கட்டுக்கு 0.1 கிராம். மருந்தளவு வர பத்து பிஸ்கட் தின்ன வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை என்று வைத்தால் கூடவே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்றிரண்டு காய்ந்த பிஸ்கட் தின்றால் சிலருக்குக் குமட்டல் அடங்குகிறது, அதை நான் மறுக்கவில்லை. மருந்து என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: திறந்து வைத்த பாக்கெட் நமுத்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். 150 டிகிரி அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது இன்னும் மெதுவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். ஆறினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை வந்திருந்தால் மட்டும் குப்பைக்கு, எந்தச் சூடும் அதைச் சரி செய்யாது.

பிஸ்கட் பழசானால் நமுக்கும், கேக் பழசானால் காயும். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், பிரிட்டனில் 1991-இல் ஜாஃபா கேக் என்ற பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்ற வரி வழக்கில் தீர்ப்பாயம் இதையும் எடைபோட்டது. பழசானால் காய்கிறது என்பது கேக் பக்கம் நின்றது. அப்படிப் பார்த்தால் என் ஆறாவது தட்டு இன்னும் சந்தேகக் கேஸ்தான். மூடாமல் இரண்டு நாள் விட்டேன், நமுக்கவும் இல்லை, காயவும் இல்லை.

கேள்வி: இதையெல்லாம் உட்கார்ந்து சோதிக்க உங்களுக்கு வேறு வேலை இல்லையா?

இருக்கிறது. துணி மடிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பல்செட். கடினமான பிஸ்கட்தான் பிடிக்கும். என்ன செய்வது?

கை கொடுங்கள், நானும் இப்போது உங்கள் கட்சி. டீயில் தோய்ப்பதுதான் வழி, அதிலும் முறை இருக்கிறது. லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளர் பிஸ்கட் தோய்ப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டி, 1999-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு வாங்கினார். பிஸ்கட்டுக்குள் நுண்ணிய துளைகள் வழியாக டீ ஏறுகிறது. ஏற ஏற வேகம் குறையும், இரண்டு மடங்கு தூரம் ஏற நான்கு மடங்கு நேரம் ஆகும். போகும் வழியில் சர்க்கரைப் பிடிப்பையும் கரைத்துவிடும், அதனால்தான் பாதி பிஸ்கட் கோப்பைக்குள் விழுகிறது. செங்குத்தாக முக்காமல் படுத்தவாக்கில் ஒரு பக்கம் மட்டும் டீயில் படும்படி வைத்து எடுத்தால், மேல்பக்கம் காய்ந்து நின்று ஈரப்பக்கத்தைத் தாங்கும்.

கல்லுளிமங்கனை அப்படித்தான் இப்போது தின்கிறேன். மற்ற ஐந்தும் இவ்வளவு நேரம் டீயைத் தாங்காது, அது மட்டும் தாங்குகிறது. எடுத்ததும் ஈரப்பக்கம் கீழே இருக்கும்படி நாக்கில் வைத்து, பல்லை விட்டுவிட்டு அண்ணத்தில் அழுத்துங்கள். சூட்டில் இஞ்சி மணம் முதலில் மூக்குக்கு ஏறும், காரம் வழக்கம்போலத் தாமதமாக வரும். பல் உறை இன்னும் மாற்றவில்லை, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.