எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு விற்பனை வேலைக்குப் போனால் படிப்பு வீணாகிவிடுமா?

ஆய்வக வேலையில் தொடக்கச் சம்பளம் குறைவு, விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் வீட்டில் "இதற்காகவா எம்.எஸ்சி. படிக்கவைத்தோம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தந்தையாரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார். படிப்பு வீணாகுமா என்பது, நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதைவிட, அதை வாங்குபவர் உங்களிடம் எவ்வளவு தூரம் கேள்வி கேட்பார் என்பதைப் பொறுத்தது.

நான் முதலில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகள் மருந்து நிறுவனப் பிரதிநிதியாக இருந்தேன். இரவு பத்து மணிக்குக் கடைசி நோயாளி வெளியேறிய பிறகு மருத்துவர் தரும் இரண்டு நிமிடத்தில் விஷுவல் எய்டை (மருந்துகளை விளக்கும் படத்தொகுப்பை) புரட்டி, நிறுவனம் எழுதிக் கொடுத்த வாசகங்களை ஒப்பிப்பதும், மருந்துக் கடைகளில் எந்த மருத்துவர் எதை எழுதுகிறார் என்று விசாரிப்பதும், மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த விநியோகஸ்தரிடம்) கூடுதலாக ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லி நிற்பதுமே பெரும்பாலான வேலை. பேச்சுக் கூச்சம் போனது உண்மை. வேதியியல் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மருத்துவர்களுக்குத் தனிப்பட்ட அன்பளிப்புகள் தரக்கூடாது என்று ஒன்றிய அரசின் 2024 மார்ச் நெறிமுறை கூறுவதால், மருந்தைப் பற்றி உண்மையிலேயே பேசத் தெரிந்தவர்களுக்கு இனி மதிப்புக் கூடலாம் என்பது என் ஊகம்.

பிறகு பகுப்பாய்வுக் கருவிகளை விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஒருவர், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் விலைப்பட்டியலைப் பார்க்காமலே ஓரத்தில் வைத்துவிட்டு, தம்மிடம் இருக்கும் பழைய கருவியில் ஒரு மருந்தின் பீக் (வரைபடத்தில் அந்த மருந்தைக் காட்டும் முகடு) சீராக இறங்காமல் வால் நீண்டு வருவதாகக் குறைபட்டுக்கொண்டார். அந்த மருந்து ஓர் அமீன் (காரத்தன்மை கொண்ட நைட்ரஜன் சேர்மம்) என்பதைக் கேட்டதும் மாதிரியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் திரவமான மொபைல் ஃபேஸின் பி.எச். எவ்வளவு என்று கேட்டேன். ஏறக்குறைய 7 என்றார். கருவியில் பொருள்களைப் பிரிக்கும் சி18 குழாயின் (column) சிலிக்காவில் எஞ்சியிருக்கும் சிலனால் (Si–OH) தொகுதிகள் அந்த நிலையில் அயனியாகி, நேர்மின்னூட்டம் கொண்ட அமீனைப் பிடித்து இழுக்கும் என்பதால், பி.எச்.-ஐ 3-க்கு அருகில் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். மறுவாரம் பீக் சீராகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். அன்று அவர் எதையும் வாங்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, புதிய கருவிக்கு நிதி ஒதுக்கப்பட்டபோது முதலில் என்னைத்தான் அழைத்தார். வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு பாடம் வேறெங்கும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

இதே தன்மை கொண்ட வேறு துறைகளும் உண்டு. திருப்பூரில் சாயங்களும் துணை வேதிப்பொருள்களும், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் வேதிப்பொருள்களும் விற்பவர், சாயப்பட்டறையிலோ தோல் ஆலையிலோ நின்று சோதனை ஓட்டிக் காட்டினால்தான் ஆர்டர் கிடைக்கும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு நோயறி ஆய்வகங்களுக்கான ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) விற்பனை பொருந்தும். சந்தைப்படுத்தல் பிரிவில் புராடக்ட் மேனேஜராக விரும்பினால் எம்.பி.ஏ. உதவும், ஆனால் களத்தில் சில ஆண்டுகள் அலைந்தவரின் பேச்சு அங்கே தனியாகத் தெரியும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியின் விலை பல லட்சம் என்பதால் சில மாதங்கள் ஓர் ஆர்டர்கூட வராமல் போகும். அரசுக் கல்லூரிகளின் கொள்முதல் மார்ச் மாதத்தில் வந்து குவியும், அங்கே பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் போகும். விற்ற பிறகு பணத்தை வசூலிப்பதும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே நேர்காணலில் சம்பளத்தில் நிலையான பங்கு எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, மாதத்தில் எத்தனை இரவுகள் வெளியூரில் தங்க வேண்டும் என்பவற்றோடு, வாடிக்கையாளரின் மாதிரியை வைத்துச் செய்முறை காட்டுவது நீங்களா அல்லது வேறொருவரா என்றும் கேளுங்கள். வேறொருவர் என்றால், அந்த வேறொருவரின் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று அங்கேயே விசாரித்துவிடுங்கள்.