பரு மாத்திரை தொடங்கியதும் பரு கூடுகிறதே, நிறுத்திவிடலாமா?

ஐசோட்ரெடினோயின் தொடங்கி மூன்றாவது வாரம், முகம் முன்பைவிட மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லாமலும் இருக்க வேண்டாம். முதல் மாதத்தில் பரு கூடுவது இந்த மருந்தில் பலருக்கும் நடப்பதுதான்.

எனக்கும் நடந்தது. தாடை ஓரமாக உள்ளுக்குள்ளேயே கட்டி கட்டியாக வந்தது, கன்னத்தைத் தலையணையில் வைக்க முடியாத வலி. டாக்டர் அளவைக் குறைத்து, அடங்கிய பிறகு மெல்லக் கூட்டினார். அதனால்தான் பலருக்கும் குறைந்த அளவிலேயே தொடங்குகிறார்கள். சீக்கிரம் போகட்டும் என்று நீங்களே கூட்டிப் போடாதீர்கள். கிள்ளவும் வேண்டாம். இந்த மருந்து போடும்போது தோல் எளிதில் உரியும், புண் ஆறவும் நாளாகும், தழும்பு நின்றுவிடும்.

பரு புண்ணாகி ரத்தம் கசிந்து, கூடவே காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அது வழக்கமாகக் கூடுகிற பரு அல்ல. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலும், கடுமையான வயிற்றுவலி வந்தாலும் அப்படியே. மனம் காரணமில்லாமல் சோர்ந்துபோனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பருவுக்கே கொடுக்கிற டாக்ஸிசைக்ளினை இதோடு சேர்க்கக் கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடிவிடும் ஆபத்து இருக்கிறது. பழைய சீட்டில் மிச்சமிருந்ததை எடுத்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். விட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம், இந்த மருந்தே அந்த இனம்தான்.

நீங்கள் பெண்ணா என்று தெரியவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையின் மூளை, இதயம், முகம் எல்லாவற்றையும் பாதிக்கும். சில நாள் போட்டாலே போதும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே காரணத்துக்காக, ஆணோ பெண்ணோ, நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானமும் கூடாது. தோழிக்கும் பரு இருக்கிறதே என்று ஒரு மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

உதடு வெடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், வாசலின் தடவினால் இதமாக இருக்கும். கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அடுத்த முறை பார்க்க இன்னும் நாள் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் இன்றே போன் செய்து, பரு எவ்வளவு கூடியிருக்கிறது, வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.